அப்பாவும் 429-உம்

1/
வழக்கமா சுகர், பிபி, கொலஸ்ட்ரால்னு எழுதுற நான் இன்னிக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் பக்கம் போறேன். பயப்படாதீங்க, எல்லாருக்கும் புரியுற மாதிரிதான் சொல்வேன். கடைசியில மருத்துவமும் வரும். கொஞ்சம் நீளமான த்ரெட். காபி ஏதாவது எடுத்துட்டு வந்து உக்காருங்க.

2/
எங்க அப்பாவுக்கு வயசு 74. போன வருஷம் ஆடி மாசம் ஒரு காலையில பல் விளக்கிட்டு இருந்தவர் கையிலேர்ந்து பிரஷ் நழுவி விழுந்தது. அம்மா என்னாச்சுன்னு கேட்டதுக்குப் பதில் வரலை. வாய் ஒரு பக்கமா கோணியிருந்தது. பக்கவாதம். மூளையோட இடது பக்க ரத்தக்குழாயில அடைப்பு.

3/
நேரத்துக்குக் கொண்டு போயிட்டோம். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை அறிகுறி ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். போட்டாங்க. கால் நல்லாவே தேறிடுச்சு. வலது கை பாதி தேறிச்சு. பேச்சு மட்டும் வரலை.

4/
இதுக்கு அஃபேசியான்னு பேர். மூளையில மொழிக்கான பகுதி அடிபட்டா வர்றது. இதுல பல வகை உண்டு. அப்பாவுக்கு வந்த வகையில நாம பேசுறது பெரும்பாலும் புரியும். என்ன சொல்லணும்னு மனசுல தெளிவா இருக்கும். வார்த்தை மட்டும் வாய்க்கு வராது.

1861-ல பாரிஸ்ல பால் புரோக்காங்கிற டாக்டர் விவரிச்ச நோயாளி ஒருத்தர், எதைக் கேட்டாலும் 'டான்'ங்கிற ஒரே அசையைத்தான் சொன்னாராம். எங்க அப்பாவுக்கு மிஞ்சின வார்த்தை 'அது'. பசிச்சாலும் அது. ஃபேன் போடணும்னாலும் அது. கோபம் வந்தா அது, அது, அது.

5/
அப்பா மஸ்கட்ல 14 வருஷம் கணக்கு எழுதுற வேலை பாத்தவர். அங்க தனியா இருந்த காலத்துல அவருக்குத் துணை டிவிதான். ஆங்கிலத் துப்பறியும் தொடர்களா பாத்துத் தள்ளுவார். அதுலயும் 'கொலம்போ'ன்னா உசுரு.

கசங்கின மழைக்கோட்டு, கையில சுருட்டு, கிளம்புற மாதிரி கிளம்பி வாசல்ல நின்னு திரும்பி இன்னொரு கேள்வி கேக்குற போலீஸ்காரர். பீட்டர் ஃபாக் நடிச்சது. 1968-லேர்ந்து 2003 வரைக்கும் மொத்தம் 69 கதை.

6/
லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில சோப்பு, சென்ட்டோட டிவிடியும் இருக்கும். பின்னாடி நான்தான் எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல ஏத்திக் குடுத்தேன். 31 தொடர், 1,742 ஃபைல். ஃபைல் பேருன்னு பாத்தா தொடர் பேர், சீசன் எண், எபிசோட் எண். அவ்வளவுதான். எந்த எண்ணுல எந்தக் கதைன்னு அப்பாவுக்கு மனப்பாடம். எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

7/
ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்த பிறகு, சாயங்காலமானா டிவி முன்னாடி உக்காருவார். எது வேணும்னு சொல்ல வராது. அஃபேசியால படிக்கிறதும் எழுதுறதும்கூட அடிபடும். அதனால எண் எண்ணா வர்ற அந்தப் பட்டியல் அவருக்குச் சுவர் மாதிரி.

நாங்க எதையாவது போடுவோம். "அது"ம்பார். மாத்துவோம். மறுபடியும் "அது". கடைசியில ரிமோட்டைக் கீழ வெச்சுட்டு ரூமுக்குப் போய் சுவர் பக்கமா திரும்பிப் படுத்துடுவார்.

8/
பேச்சுப் பயிற்சி குடுக்க வந்த பொண்ணு ஒரு யோசனை சொன்னாங்க. "படம் வெச்சு ஆல்பம் போடுங்க மேடம். அப்பா விரல் வெச்சுக் காட்டட்டும்." சாப்பாடு, மாத்திரை, பாத்ரூம் எல்லாத்துக்கும் போட்டோம். அப்ப சீரியலுக்கும் போட்டா என்னன்னு தோணுச்சு. ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு படம், கீழ பெரிய எழுத்துல பேர், ரெண்டு வரியில கதை. அம்மா ரிட்டயர்ட் இங்கிலீஷ் டீச்சர். படிச்சுக் காட்டுவாங்க.

9/
1,742 படத்தைக் கையால தேடி ஒட்டினா எனக்கே ரிட்டயர்மென்ட் வந்துடும். கொரோனா காலத்துல யூடியூப் பாத்து பைத்தான் கத்துக்கிட்டது இங்க கை குடுத்துச்சு.

டிவி தொடர் விவரங்களைத் தர்றதுக்குன்னே தளங்கள் இருக்கு. நான் எடுத்துக்கிட்டது டிவிமேஸ். எபிசோட் பேர், ஒளிபரப்பான தேதி, கதைச்சுருக்கம், படம் எல்லாம் ஏபிஐ வழியா இலவசமா கிடைக்கும்.

10/
ஏபிஐன்னா என்ன? ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம் ஜன்னல்னு வெச்சுக்கோங்க. நாம உள்ள போய்த் துழாவ முடியாது. சீட்டுல எழுதி நீட்டினா, கேட்ட ஃபைலை எடுத்துக் குடுப்பாங்க. நம்ம புரோகிராம்தான் அந்தச் சீட்டை நீட்டுற ஆள்.

11/
அந்த ஜன்னலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ரேட் லிமிட். டிவிமேஸ்ல ஒரு இணைய முகவரிக்கு 10 நொடிக்குக் குறைஞ்சது 20 கேள்வி வரைக்கும் அனுமதி. அதைத் தாண்டினா பதிலுக்குப் பதிலா 429-ன்னு ஒரு எண் வரலாம். 'டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்'. ரொம்ப வேகமா கேக்குறீங்க, கொஞ்சம் பொறுங்கன்னு அர்த்தம். இந்த எண் இணைய விதிகள்ல சேர்ந்தது 2012-ல.

404 எல்லாரும் பாத்திருப்பீங்க. கேட்டது இங்க இல்லைன்னு அர்த்தம். இந்த ரெண்டு எண்ணையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

12/
இலவசமா குடுக்குற இடத்துல எதுக்குக் கட்டுப்பாடு? ஒருத்தரே ஜன்னலை அடைச்சுக்கிட்டு நின்னா பின்னாடி இருக்கறவங்க என்ன செய்வாங்க? எங்க ஓபியில டோக்கன் குடுக்குறது அதுக்குத்தான்.

வேடிக்கை என்னன்னா, கம்ப்யூட்டர்காரங்க இதுக்கு வெச்சிருக்கிற ஒரு முறைக்குப் பேரே டோக்கன் பக்கெட். ஒரு வாளியில குறிப்பிட்ட வேகத்துல டோக்கன் விழுந்துக்கிட்டே இருக்கும். ஒரு கேள்விக்கு ஒரு டோக்கன். வாளி காலியாயிட்டா அடுத்த டோக்கன் விழற வரைக்கும் நிக்கணும்.

13/
வேகத்துக்கு எல்லை வெக்கிறது எங்க தொழில்லயும் உண்டு. ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சா டிரிப்ல ஏத்துவோம். சாதாரண வார்டுல பொதுவா மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல போக மாட்டோம். அதே மருந்து, அதே அளவு, சட்டுனு உள்ள போச்சுன்னா இதயம் நின்னுடும். இதை ஹவுஸ் சர்ஜன் பசங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன்.

14/
அப்படிச் சொல்ற நான் என்ன செஞ்சேன்? ஒரு சனிக்கிழமை ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்து புரோகிராமை எழுதினேன். ஒரு ஃபைலுக்கு ஒரு கேள்வி. மொத்தம் 1,742. நொடிக்கு ரெண்டுன்னு நிதானமா கேட்டிருந்தாகூட கால் மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். அந்தப் பொறுமை இல்லை. எட்டு எட்டா ஒரே நேரத்துல கேக்குற மாதிரி வெச்சு ஓட விட்டுட்டுக் குளிக்கப் போயிட்டேன்.

15/
வந்து பாத்தா வேலை முடிஞ்சிருந்தது. 1,742-ல 189 மட்டும் காலி. அதுக்கு நேரா புரோகிராம் 'இல்லை'ன்னு எழுதியிருந்தது. பழைய தொடர்கள்தானே, அவங்ககிட்ட விவரம் இருக்காதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். காலி இடங்களை நீக்கிட்டுப் பக்கத்துக்கு எட்டு படமா பிரிண்ட் போட்டேன். ஸ்பைரல் பைண்டிங், மூணு வால்யூம்.

16/
அப்பா முதல் வால்யூமை மடியில வெச்சு ஒவ்வொரு பக்கமா தடவிப் பாத்தார். ஒரு படத்துல விரலை வெச்சார். "அது!"ன்னார். நாலு மாசத்துல முதல் தடவையா அந்த 'அது'வுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரிஞ்சுது. அம்மா புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

17/
பத்து நாள் நல்லாப் போச்சு. அப்புறம்தான் பிரச்சினை. கொலம்போ பக்கங்களை முன்னும் பின்னுமா புரட்டுவார். எதையோ தேடுவார். கிடைக்காது. இடது கையைத் தூக்கி, விரலைக் குவிச்சு, ஊசி நூலால தைக்கிற மாதிரி காட்டுவார். "அது."

18/
"சட்டை பட்டனாங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. பீரோவுல இருந்த சட்டையையெல்லாம் எடுத்து பட்டனை இறுக்கித் தைச்சு வெச்சாங்க. அது இல்லை. "டெய்லர் கடைக்குப் போகணுமாப்பா?"ன்னான் என் தம்பி. இல்லைன்னு தலையாட்டினார்.

நான் டாக்டராச்சே. "வலிக்குதாப்பா? கையிலயா? தோள்லயா? ஊசி குத்துற மாதிரி இருக்கா? மரத்துப் போகுதா? எப்பலேர்ந்து? ராத்திரி அதிகமா?" மூச்சு விடாம கேட்டேன்.

19/
அப்பா ஆல்பத்தைத் தூக்கி வீசினார். அப்புறம் அழுதார். எங்க பாட்டி செத்தப்பகூட அழாத மனுஷன்.

பக்கவாதத்துக்கு அப்புறம் மன அழுத்தம் வரலாம். கட்டுப்படுத்த முடியாத அழுகையும் வரலாம். ரெண்டுக்கும் நல்ல மருந்து இருக்கு. நான் அந்தத் திசையிலதான் யோசிச்சேன். நரம்பியல் டாக்டர்கிட்ட போன்ல பேசி, மாத்திரை ஆரம்பிக்கலாமான்னுகூடக் கேட்டுட்டேன்.

20/
அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஆல்பத்தை எடுத்து ஓரம் கிழிஞ்ச பக்கங்களை ஒட்டிக்கிட்டு இருந்தேன். சும்மா கொலம்போ படங்களை எண்ணினேன். 61. ஹார்ட் டிஸ்க்ல 69 ஃபைல் இருக்கு. மீதி எட்டு எங்க?

21/
லேப்டாப்பைத் திறந்து, விட்டுப்போன எட்டுல ஒண்ணை மட்டும் கேட்டுப் பாத்தேன். அடுத்த நொடியே வந்தது, படத்தோட, கதையோட. இன்னொண்ணு கேட்டேன். அதுவும் வந்தது. எட்டுமே அங்கதான் இருந்தது.

அப்ப முதல் தடவை ஏன் 'இல்லை'? நான் எழுதின கோடைப் பாத்தேன். பதில் 200-ஆ இல்லைன்னா 'இல்லை'ன்னு எழுது. அவ்வளவுதான் அந்த வரி. 200-ன்னா சரி, கிடைச்சாச்சுன்னு அர்த்தம். மத்தபடி 404-உம் 429-உம் என் புரோகிராமுக்கு ஒண்ணுதான். அந்த ஜன்னல்ல இருந்தவர் "கொஞ்சம் பொறுங்க"ன்னு சொன்னதை, நான் "அப்படி ஒரு ஃபைலே கிடையாது"ன்னு ரெக்கார்டுல ஏத்தியிருக்கேன்.

22/
டிவிமேஸ் விளக்கப் பக்கத்துலயே இது இருக்கு. 429 வந்தா நிரந்தரமான தோல்வியா எடுத்துக்காதீங்க, சின்ன இடைவெளி விட்டு மறுபடி கேளுங்கன்னு. நான் படிக்கலை. மருந்துச் சீட்டை ஒழுங்கா படிக்காத பேஷன்ட்டைத் திட்டுற ஆள் நான்.

23/
அந்த எட்டுல மூணாவதா வந்தது சீசன் 2, எபிசோட் 6. வருஷம் 1973. லியோனார்ட் நிமோய் அதுல இதய அறுவை சிகிச்சை நிபுணர். கூட வேலை செய்ற டாக்டருக்கு வால்வு ஆபரேஷன் செய்யும்போது, நிரந்தரமா இருக்க வேண்டிய தையலுக்குப் பதிலா கரைஞ்சு போற நூலால தைச்சு அவரைக் கொல்லப் பாப்பார்.

பேர், 'எ ஸ்டிட்ச் இன் கிரைம்'. ஸ்டிட்ச். தையல்.

24/
எனக்கு மெடிக்கல் சீட் கிடைச்ச வாரம் அப்பா லீவுல வந்திருந்தார். இந்த எபிசோடை எனக்குன்னு போட்டுக் காட்டினார். "டாக்டரானா நல்ல நூல்ல தைக்கணும் பாப்பா"ன்னு சொல்லிச் சிரிச்சார். நான் அதைச் சுத்தமா மறந்துட்டேன். பேச்சு போன மனுஷன் அதைத்தான் பத்து நாளா தேடியிருக்கார். விடியக்காலை மூணு மணிக்கு ஹால்ல தனியா உக்காந்து அழுதேன்.

25/
சரி, புரோகிராமை எப்படித் திருத்தினேன்? கோட் எழுதுற தம்பி தங்கைகளுக்காக இதைச் சொல்றேன். மத்தவங்களும் படிக்கலாம், கஷ்டமில்லை.

முதல்ல, கேள்வியையே குறைச்சேன். டிவிமேஸ்ல ஒரு தொடரைக் கேக்கும்போதே அதோட எபிசோட் எல்லாத்தையும் சேர்த்துக் குடுன்னு கேக்கலாம். எம்பெட்னு பேர். 31 தொடருக்கு 31 கேள்வி போதும். 1,742 எங்க, 31 எங்க! ஒரே பேர்ல ரெண்டு தொடர் இருந்தா மட்டும் ஜாக்கிரதை. 'தி ஆஃபிஸ்' பிரிட்டன்ல 2001, அமெரிக்கால 2005. அந்த இடத்துல பேரை விட்டுட்டு ஐஎம்டிபி எண்ணை வெச்சுத் தேடணும்.

26/
ரெண்டாவது, ஒரு கேள்விக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு நொடி இடைவெளி.

மூணாவது, வந்த பதிலை அப்பவே சேமிச்சு வெச்சேன். பாதியில கரண்ட் போனாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். கேட்டதையே மறுபடி கேக்க வேண்டாம். நேத்து எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஃபைல்ல இருக்கும்போது இன்னிக்கு மறுபடியும் ஊசி குத்துவோமா?

27/
நாலாவது, 429 வந்தா 2 நொடி நில்லு. மறுபடி வந்தா 4. அப்புறம் 8, 16. எக்ஸ்பொனென்ஷியல் பேக்ஆஃப்னு இதுக்குப் பேர். 1970-கள்ல ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கினப்பவே இந்த யோசனை அதுல இருந்தது. ஒரே கம்பியில ரெண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்துல பேசி மோதிக்கிட்டா, ரெண்டும் ஒதுங்கி ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி பேசும். திரும்ப மோதினா காத்திருப்போட எல்லை இரட்டிப்பாகும்.

28/
அந்த 'ஆளுக்கொரு நேரம்' முக்கியம். ஓபியில 50 பேர்கிட்டயும் "ரெண்டு மணிக்கு வாங்க"ன்னு சொன்னா ரெண்டு மணிக்கு அதே கூட்டம்தான் வந்து நிக்கும். அதனால காத்திருக்கிற நேரத்தைக் கொஞ்சம் முன்ன பின்ன ஆக்கணும். ஜிட்டர்னு சொல்வாங்க. 'ரீட்ரை ஆஃப்டர்'னு எத்தனை நொடி பொறுக்கணும்னு பதில்லயே வந்தா, அதைத்தான் கேக்கணும்.

கட்டுப்பாடு இடத்துக்கு இடம் மாறும். ஓஎம்டிபில இலவச சாவிக்கு ஒரு நாளைக்கு 1,000 கேள்வி. டிஎம்டிபில 10 நொடிக்கு 40-ன்னு இருந்த பழைய கட்டுப்பாட்டை 2019 டிசம்பர்ல எடுத்துட்டாங்க. ஆனா அங்கயும் 429 வந்தா மதிக்கத்தான் வேணும்.

29/
அஞ்சாவது, நான் அழுது கத்துக்கிட்டது. புரோகிராம்ல இப்ப மூணு தனித்தனிப் பட்டியல். கிடைச்சது. உண்மையிலேயே இல்லாதது. இன்னும் பதில் வராதது. மூணாவது பட்டியல் காலியாகுற வரைக்கும் 'முடிஞ்சது'ன்னு எழுதாது.

மறுபடி ஓட விட்டேன். ஒரு நிமிஷத்துக்குள்ள எல்லாம் வந்துடுச்சு. படங்களை இறக்கத்தான் நேரமாச்சு. முதல்ல 'இல்லை'ன்னு எழுதின 189-ல 182 இருந்தது. நிஜமாவே இல்லாதது ஏழே ஏழு.

30/
அன்னிக்குச் சாயங்காலம் புதுப் பக்கத்தை அப்பா மடியில வெச்சேன். எதுவும் கேக்கலை. டிவியையும் போடலை. பக்கத்துல உக்காந்தேன்.

ரொம்ப நேரம் பாத்தார். விரலை வெச்சார். "அது." அப்புறம் என்னைப் பாத்து இடது கையால தைச்சுக் காட்டினார்.

"நான் சர்ஜன் ஆகலையேப்பா, தையலே போடுறதில்லையே"ன்னேன். அப்பாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு. மூணு பேரும் உக்காந்து அந்த எபிசோடை முழுசா பாத்தோம். மாத்திரை ஆரம்பிக்கிற பேச்சை நரம்பியல் டாக்டர் தள்ளி வெச்சார். தேவைப்பட்டா பாத்துக்கலாம்னார்.

31/
அதுக்கப்புறம் எங்க வீட்டுல சில பழக்கங்களை மாத்தினோம். அஃபேசியா இருக்கறவங்க உங்க வீட்டுலயும் இருந்தா உதவும்.

ஒரு நேரத்துல ஒரே ஒரு கேள்வி. சின்ன வாக்கியம். ஆமா, இல்லைன்னு பதில் சொல்ற மாதிரி கேளுங்க.

கேட்டுட்டுக் காத்திருங்க. நான் மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுவேன். நடுவுல இன்னொரு கேள்வி போட்டா முதல் கேள்விக்குத் தேடிக்கிட்டிருந்த வார்த்தையும் போயிடும்.

பேசும்போது டிவி, மிக்ஸி சத்தத்தை நிறுத்துங்க. சத்தம் போட்டுப் பேசாதீங்க, அவங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. குழந்தைகிட்ட பேசுற மாதிரியும் பேசாதீங்க.

சைகை, படம், பேப்பர் பேனா எல்லாத்தையும் பக்கத்துல வைங்க. புரியலைன்னா புரிஞ்ச மாதிரி நடிக்காதீங்க. "எனக்குப் புரியலைப்பா, கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பப் பாக்கலாம்"னு சொல்லுங்க.

32/
பதில் வரலைன்னா தெரியலைன்னு எழுதிடாதீங்க. நானும் அதைத்தான் செஞ்சேன், கம்ப்யூட்டர்லயும், எங்க அப்பாகிட்டயும்.

33/
இன்னும் ஒண்ணு. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை திடீர்னு தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, மணியைப் பாத்துக்கிட்டு உடனே 108-க்குக் கூப்பிடுங்க. சோடா குடுத்துப் பாக்கலாம், தூங்கி எழுந்தா சரியாயிடும்னு காத்திருக்காதீங்க. பொறுமையா இருக்கக் கூடாத இடம் இது.

34/
ஆல்பத்தோட கடைசிப் பக்கத்துல 'விவரங்கள்: டிவிமேஸ்'னு பெருசா போட்டிருக்கேன். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல குடுக்குறாங்க, பேர் சொல்லிப் பயன்படுத்தணும். முகம் தெரியாத எத்தனையோ பேர் உக்காந்து பழைய தொடர்களுக்கெல்லாம் கதை எழுதி வெச்சிருக்காங்க. அவங்களுக்கு எங்க வீட்டு நன்றி.

35/
போன வாரம் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு அப்பா டிவியைக் கை காட்டினார். உதடு கொஞ்ச நேரம் தடுமாறிச்சு. 'அது' வரலை. "கொலம்"னு வந்தது.

"கோலமா? காலையிலயே போட்டாச்சேங்க"ன்னாங்க அம்மா. நான் அம்மா கையைப் பிடிச்சு நிறுத்தினேன்.

'போ' இன்னும் வரலை. காத்திருக்கோம்.